பதினாறில் ஐந்து பங்கு

எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு வருடமும் மார்ச் 8ஆம் தேதி மகளிர் தினப் பேச்சுப் போட்டி நடக்கும். இந்த வருடத் தலைப்பு "பெண்கள் இயக்கம்: நேற்று, இன்று, நாளை". வணிகவியல் துறையிலிருந்து யாருமே பெயர் கொடுக்கவில்லை என்று எங்கள் மேடம் என் பெயரை எழுதிவிட்டார். தமிழ்த் துறைக்காரர்கள் அடுக்குமொழியில் பொளந்து கட்டுவார்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் பற்றும் வரவும்தான். சரி, ஆண்டுகளையும் எண்களையும் அள்ளிவிட்டுச் சமாளித்துவிடலாம் என்று ஒரு நோட்டில் குறிப்பு எடுக்க ஆரம்பித்தேன்.

நேற்று முடிந்தது. இன்றும் ஒருவழியாக முடிந்தது. நாளைக்கு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். அங்கே அந்த "நாளை" எங்கள் வீட்டு மேசையில் முத்திரைத்தாளில் டைப் அடித்துத் தயாராக இருந்தது.

அதற்கு முன்னால் என் நோட்டில் இருந்த "நேற்று" என்ன என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பின்னால் ஒரு கணக்கு வருகிறது, அதற்கு இது தேவைப்படும்.

எங்களுடையது புதுக்கோட்டை மாவட்டம். பெண்கள் இயக்கம் என்றால் நாங்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் ஒற்றைப் பெண்ணாகப் போய்ச் சேர்ந்தவர். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921ல் வந்தது. அதுவும் எல்லாப் பெண்களுக்கும் இல்லை, சொத்துத் தகுதி இருப்பவர்களுக்குத்தான். 1926ல் முத்துலட்சுமி சட்டசபையில் நியமன உறுப்பினரானார், அடுத்த வருடம் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிவைத்த வேலை முழுச் சட்டமாக வந்து சேர்ந்தது 1947ல்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று அதில் தீர்மானம் போட்டார்கள். அம்பேத்கர் கொண்டுவந்த இந்துச் சட்ட மசோதா நாடாளுமன்றத்தில் நகராமல் நின்றபோது, 1951ல் அவர் அமைச்சர் பதவியையே விட்டு வெளியேறினார். பிறகு அந்த மசோதாவைத் துண்டு துண்டாக நிறைவேற்றினார்கள். அதில் ஒரு துண்டுதான் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன்படி அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய பங்கில் மகளும் வாரிசு. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே வரும் பங்கு மட்டும் ஆண்பிள்ளைகளுக்கே இருந்தது.

அதை ஆந்திரா 1986ல் மாற்றியது. தமிழ்நாடு 1989ல் மாற்றியது. செங்கல்பட்டுத் தீர்மானத்திலிருந்து சரியாக 60 வருடம். ஆனால் ஒரு நிபந்தனை: 1989 மார்ச் 25ஆம் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆகியிருந்தால் இந்த உரிமை கிடையாது. அந்த நிபந்தனை 2005ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தில்தான் போனது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா இல்லையா என்று மறுபடியும் ஒரு குழப்பம். வேண்டியதில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் முடித்துவைத்தது.

இதையெல்லாம் எழுதிவிட்டு, "ஆக, சொத்துரிமைப் போராட்டம் வெற்றி" என்று அடிக்கோடு வேறு போட்டு வைத்திருந்தேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அடிக்கோட்டை மட்டும் அடித்துவிட்டேன்.

சரி, ஊருக்கு வருவோம்.

சனிக்கிழமை இரவு நான் போய்ச் சேர்ந்தபோது மாமா வந்துவிட்டுப் போயிருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. தாத்தா 2016ல் தவறிய பிறகு அம்மாச்சியை வைத்துக் காப்பாற்றுவதும் வயலைப் பார்ப்பதும் அவர்தான். எனக்குக் காது குத்தியது அவர் மடியில் உட்கார வைத்துத்தான். நான் பெரியமனுஷி ஆனபோது கடன் வாங்கியாவது 21 தட்டு சீர் கொண்டுவந்து இறக்கியவர். எனவே இந்தக் கதையில் வில்லன் யாரும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வில்லன் இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

மேசையில் இருந்தது ஒரு விடுதலைப் பத்திரம். பெயரைப் பாருங்கள்! விடுதலை! யாரிடமிருந்து யாருக்கு விடுதலை என்று படித்துப் பார்த்தால், தாத்தாவின் பூர்வீகச் சொத்தில் தங்களுக்குள்ள பங்கைப் பெரியம்மாவும் அம்மாவும் அம்மாச்சியும் மாமாவுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். "பிரதிபலன் ஏதும் பெறாமல், மனப்பூர்வமாக, யாருடைய தூண்டுதலும் இன்றி" என்று போட்டிருந்தது. இன்று முதல் மேற்படி சொத்தில் எங்களுக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை என்று முடிந்திருந்தது. வியாழக்கிழமை வளர்பிறை, பதிவுக்கு டோக்கன் போட்டாயிற்று.

"பி.காம் படிக்கிற புள்ள ஒரு தடவ படிச்சுப் பாத்துடட்டும்னு மாமாதான் வச்சுட்டுப் போனான்" என்றாள் அம்மா. அடுப்படியில் நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நான் படித்தேன். படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கையில் நோட்டும் பேனாவும் இருந்தது, கணக்குப் போட்டேன்.

வயல் மொத்தம் 3 ஏக்கர் 20 செண்டு. அதாவது 320 செண்டு. வாரிசுகள் நான்கு பேர்: அம்மாச்சி, பெரியம்மா, அம்மா, மாமா. பெரியம்மாவுக்குக் கல்யாணம் ஆனது 1988ல். அம்மாவுக்கு 2000ல்.

1989க்கு முந்தைய சட்டமே நீடித்திருந்தால் எப்படி? பூர்வீகச் சொத்தில் பங்காளிகள் தாத்தாவும் மாமாவும் மட்டும். ஆளுக்குப் பாதி. தாத்தாவின் பாதியை நான்கு வாரிசுகளும் பிரித்துக்கொள்ள வேண்டும். மாமாவுக்கு 200 செண்டு. மற்ற மூன்று பேருக்கும் தலைக்கு 40 செண்டு.

1989 சட்டப்படி எப்படி? அம்மாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, எனவே அவளும் பங்காளி. பெரியம்மா ஒரு வருடம் முந்திக்கொண்டதால் பங்காளி இல்லை. மாமாவுக்கும் அம்மாவுக்கும் தலைக்கு 133 செண்டு சொச்சம். பெரியம்மாவுக்கும் அம்மாச்சிக்கும் தலைக்கு 26 செண்டு சொச்சம். ஒரே வயிற்றில் பிறந்த அக்கா தங்கைக்கு நடுவே ஒரு கல்யாணத் தேதி 107 செண்டு வித்தியாசத்தைப் போட்டுவைத்திருந்தது.

2005 திருத்தத்தின்படி, அதாவது இன்றைக்கு எப்படி? தாத்தா, பெரியம்மா, அம்மா, மாமா நால்வரும் பங்காளிகள். ஆளுக்குக் கால் பங்கு. தாத்தாவின் கால் பங்கை அம்மாச்சியும் மூன்று பிள்ளைகளும் பிரித்தால் தலைக்குப் பதினாறில் ஒன்று. ஆக மூன்று பிள்ளைகளுக்கும் பதினாறில் ஐந்து பங்கு. அம்மாச்சிக்குப் பதினாறில் ஒன்று.

320ஐப் பதினாறால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் சரியாக 100 செண்டு. ஒரு ஏக்கர்.

அம்மாவுக்கு ஒரு ஏக்கர்! நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். ஏதோ புதையலைக் கண்டுபிடித்த மாதிரி. அம்மா கணக்கைப் பார்த்தாள். "இது எனக்குத் தெரியாதா?" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"ஒரு ஏக்கரா வாங்கிட்டு வந்துடலாம்டி. அப்பறம் உன் கல்யாணத்துக்குத் தாய்மாமன்னு யார மணவறையில நிக்க வைக்கிறது? நாளைக்கு நான் செத்தா யாருடி கோடித்துணி கொண்டாருவா? பொறந்த வீட்டு வாசல்னு ஒண்ணு வேணுமா வேணாமா?"

எங்கள் பாடத்தில் கூட்டாண்மைக் கணக்கு என்று ஒன்று உண்டு. ஒரு கூட்டாளி விலகினால் அவருக்கு முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூடவே நற்பெயரில், அதாவது குட்வில்லில், அவருக்குரிய பங்கையும் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்க் கணக்கு வேறு மாதிரி. பெண்பிள்ளை விலகும்போது முதலை விட்டுவிட்டு நற்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பங்கு கேட்டால் நற்பெயரும் ரத்து. எந்தச் சட்டத் திருத்தமும் இந்த ஐந்தொகையைத் தொடவே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அம்மாச்சியைப் பார்க்கப் போனேன். அம்மாச்சிக்கு இப்போது எழுபத்தைந்து வயது. திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். பத்திரத்தைப் பற்றி மெதுவாக எடுத்தேன். அப்போதுதான் அந்தப் பழைய கதையைச் சொன்னாள்.

அதற்கு முன் அறிவொளி இயக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெரியாதவர்களுக்காக: 1991, 92ல் எங்கள் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் பெரிய அளவில் நடந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அதில் சேர்த்தார். ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆம்பளை சைக்கிளையே ஓட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் இயக்கம் என்றால் மாநாடும் தீர்மானமும் மட்டும்தான் என்று நினைத்தால் இதை எங்கே வைப்பது? என்னைக் கேட்டால் முத்துலட்சுமி ரெட்டிக்கு அடுத்த பக்கத்தில்தான் வைப்பேன்.

அந்த அறிவொளியில்தான் பதினைந்து வயது அம்மா சைக்கிள் கற்றாள். நாற்பதைத் தாண்டிய அம்மாச்சி எழுத்துக் கற்றாள். ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில், சிலேட்டில், தன் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகினாளாம். கழனியில் நாற்றுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சேற்றுத் தண்ணியில் விரலால் எழுதிப் பார்ப்பாளாம். "அழிஞ்சு போயிரும், திருப்பி எழுதுவேன்" என்று சிரித்தாள்.

"அப்பறம் மொத மொதல்ல எதுல கையெழுத்துப் போட்ட அம்மாச்சி?" என்று கேட்டேன். பேங்க்கில், ரேஷன் கடையில் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"எங்கய்யா செத்த மறு வருசம், எம்பொறந்தவனுங்க ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனானுங்க. அதுலதான்."

1993. அந்த எழுத்தர் பழக்கதோஷத்தில் மைப் பெட்டியை நகர்த்தினாராம். "மை வேணாம், எனக்குக் கையெழுத்துத் தெரியும்" என்று அம்மாச்சி சொன்னாளாம். அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். அண்ணன்கள் இரண்டு பேருக்கும் பெருமையான பெருமை. எப்படியும் ரேகையும் வேண்டும் என்று பிறகு விரலையும் உருட்டிக்கொண்டார்கள். ஆனால் கையெழுத்துப் போட்டது போட்டதுதான்.

"என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சியா?"

"எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள பொழுது போயிருமே. எல்லாரும் நின்னுக்கிட்டு இருக்காக. அவுக காட்டுன எடத்துல போட்டேன். ஒரு சின்னாளப்பட்டிச் சேலையும் 500 ரூவாயும் குடுத்தானுங்க."

அந்தச் சேலை எங்கே என்று கேட்டேன். கிழிந்து, தொட்டில் கட்டி, அப்புறம் கரித்துணியாகிவிட்டதாம். அந்தத் தொட்டிலில் நானும் கிடந்திருக்கிறேனாம்.

நண்பர்களே, ஊருக்குத் திரும்பும் டவுன் பஸ்ஸில் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கைநாட்டாக இருந்த ஒருத்தி நாற்பது வயதுக்கு மேல் ராத்திரியெல்லாம் பழகித் தன் பெயரை எழுதக் கற்றாள். அந்தப் பெயரை அவள் முதன்முதலில் எழுதியது தன் உரிமையை எழுதிக்கொடுக்க. அறிவொளி அவளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது. கையெழுத்துப் போடாமல் இருப்பதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அம்மாச்சி கதையைச் சொன்னேன். அம்மாவுக்கு அது தெரிந்த கதைதான். ஆனால் அன்று ராத்திரி அவளாகவே இன்னொன்றைச் சொன்னாள். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அம்மாச்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு அது லீவு மாதிரித்தான் ஞாபகம் இருக்கிறது. தோட்டம், மாமா வாங்கிக் கொடுத்த ஜவ்வுமிட்டாய். அம்மாவுக்கு வேறு ஒன்று ஞாபகம் இருக்கிறது.

"பதினாலு நாள் இருந்தேன். மூணாம் நாள்லேருந்து வர்றவுக போறவுக எல்லாம் ஒரே கேள்வி. எப்பப் போற? எங்கம்மாவே கேட்டுச்சு. அங்க இருந்தா 'உங்கப்பன் வீட்டுக்குப் போ'ன்னு சொல்றாக. இங்க வந்தா 'உன் வீட்டுக்கு எப்பப் போற'ன்னு கேக்குறாக. அப்ப எதுடி என் வீடு?"

இந்தக் கேள்விக்கு என் நோட்டில் ஓர் எண் இருந்தது. பேச்சுக்காக எடுத்து வைத்தது. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்து 2005ல் வெளியிட்ட ஆய்வு. நிலமோ வீடோ இல்லாத மனைவிகளில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம், வீடு இரண்டும் தன் பெயரில் இருந்தவர்களில் அது 7 சதவீதம். போக ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தாலே கை ஓங்குவது குறைகிறது. அம்மா அந்த ஆய்வைப் படித்ததில்லை. அவளுக்கு அந்தப் பதினாலு நாள் போதும்.

"ஒரு ஏக்கர் வேணாம்டி. பொறந்த ஊர்ல என் பேர்ல ஒரு பட்டா இருந்தாப் போதும்" என்றாள்.

புதன்கிழமை மாமா வந்தார். நான் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு இருந்தேன். "என்ன பாப்பா, படிச்சிட்டியா? சரியா இருக்கா?" என்றார்.

அம்மா காபித் தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள், "தம்பி, நாளைக்கு வேணாம்ப்பா. நானே நல்லாப் படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

அவ்வளவுதான். சண்டை இல்லை, கத்தல் இல்லை. மாமா முகம் சுருங்கிப்போனது. பேங்க்கில் பட்டா அவர் பெயரில் இருந்தால்தான் லோன் என்கிறார்கள். போர் இரண்டு தடவை போட்டு இரண்டும் வெறும் புகையாக வந்தது, வட்டி ஓடுகிறது. எல்லாம் உண்மை. இருபது வருடமாக அந்த மண்ணில் முதுகு ஒடிந்தது அவருக்குத்தான் என்பதும் உண்மை. அவர் என்னைத்தான் பார்த்தார்.

"நீ சொல்லு பாப்பா. நான் எங்கக்காள ஏமாத்துறேனா?"

"இல்ல மாமா" என்றேன். தொண்டை அடைத்தது. "ஆனா இந்தத் தாள்ல மனப்பூர்வமானு போட்டிருக்கு. மனசுல என்ன இருக்குன்னு நம்ம யாருமே அம்மாகிட்ட கேக்கல மாமா. நானும் கேக்கல."

மாமா காபியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். எங்கள் வீட்டில் அவர் வாய் நனைக்காமல் போனது அதுதான் முதல் தடவை. அம்மா அந்தத் தம்ளரை எடுக்கவே இல்லை. ராத்திரி வரை அது ஆடை கட்டி அப்படியே இருந்தது. நான்தான் கொண்டுபோய்க் கழுவினேன். கழுவும்போது, தேவையில்லாமல் மூக்கை நுழைத்துவிட்டோமோ என்றுதான் இருந்தது. மேடையில் பேசுவது எவ்வளவு சுலபம்!

பேச்சுப் போட்டியில் பேசினேன். பரிசெல்லாம் ஒன்றும் இல்லை, தமிழ்த் துறைதான் வாங்கியது. என் "நாளை" பகுதிக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் சொன்னேன். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பொறுப்பில் நடக்கும் பண்ணைகள் சுமார் 14 சதவீதம். நாற்று நடுவது யார், களை எடுப்பது யார் என்று உங்களுக்கே தெரியும். சட்டம் பதினாறில் ஐந்து என்கிறது, தாள்கள் வேறு கதை சொல்கின்றன. நடுவில் இருப்பது காவல்துறையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. ஒரு தம்ளர் காபி.

போட்டி முடிந்து பத்து நாள் கழித்து மாமா போன் செய்தார். அம்மாச்சிக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று ஆரம்பித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அக்கா, சரி, அப்ப எப்படித்தான் எழுதலாங்குற?" என்று கேட்டார்.

1993ல் அம்மாச்சியிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அம்மா யோசித்து வைத்திருந்தாள் போல. ரோட்டோரத்தில் அவளுக்குப் பத்து செண்டு, பெரியம்மாவுக்குப் பத்து செண்டு. அம்மாச்சியின் 20 செண்டு அம்மாச்சி பெயரிலேயே இருக்க வேண்டும், அவள் காலத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மிச்சம் முழுவதும் தம்பிக்கு. விடுதலைப் பத்திரம் இல்லை, பாகப்பிரிவினைப் பத்திரம். லோனுக்குத் தேவைப்பட்டால் அக்காமார் இரண்டு பேரும் பேங்க்குக்கு வந்து கையெழுத்துப் போடுகிறோம் என்றாள். மாமா "பெரியக்காட்டயும் பேசிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். சித்திரை பிறந்ததும் எழுதலாம் என்று இப்போதைக்குப் பேச்சு. எழுதும் வரை எதுவும் நிச்சயம் இல்லை.

100 செண்டு உரிமை உள்ள இடத்தில் 10 செண்டு! கணக்குப்படி பார்த்தால் பத்தில் ஒரு பங்கு. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முழுசாகக் கேட்டிருக்கலாமே என்று அம்மாவிடம் சண்டைகூடப் போட்டேன். "நான் குடுக்குறேன்டி, அது வேற. எடுத்துக்குறது வேற" என்றாள். அதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு தலைமுறையும் ஒரே ஒரு படிதான் ஏறியிருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மாதிரியானவர்கள் நூறு படி ஏறினார்கள், உண்மைதான். ஆனால் ஊர் முழுக்க ஏறும்போது ஒரு தலைமுறைக்கு ஒரு படிதான் கணக்கு. அம்மாச்சி தன் பெயரை எழுதக் கற்றாள். அம்மா "படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லக் கற்றாள். அதற்கு அவளுக்கு ஐம்பது வயது ஆனது. நான் அவளைவிடக் கொஞ்சம் சுலபமாக ஏறினேன். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989ல் வந்தது திருமண உதவித் திட்டம். 2022ல் அது பெண்களின் உயர்கல்விக்கான உதவியாக, புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் அந்த மாதம் 1000 ரூபாய் என் கணக்கில் வந்துதான் நான் புத்தகம் வாங்கினேன். கல்யாணத்துக்குக் கொடுத்த காசு படிப்புக்கு வந்திருக்கிறது. அதுவும் ஒரு படிதான்.

என் படி எது? அது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு ஒரு தம்பி. பிளஸ் டூ படிக்கிறான். இத்தனை கூத்தையும் ஒரு மூலையில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தவன். நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டான். பஸ் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பஸ் வந்ததும் கேட்டான்.

"அக்கா, நாளைக்கு நானும் உன்கிட்ட வந்து அந்த மாதிரி கையெழுத்துக் கேப்பேனா?"

"கேப்பியா?"

"தெரியலக்கா" என்றான்.

பொய்யாக இல்லை என்று சொல்லாமல் விட்டதே எனக்குப் பிடித்திருந்தது. பாதி வீடு உனக்கு, பாதி வீடு எனக்கு, அப்பாவும் அம்மாவும் நூறு வயது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் இரண்டு பேருமே அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் தோன்றியது.

கடைசியாக ஒன்று. இதைப் படிக்கிற தோழிகள் இந்த வார இறுதியில் அம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முதன்முதலில் எதில் கையெழுத்துப் போட்டீர்கள்? தோழர்கள் அதே கேள்வியை உங்கள் அக்காவிடமும் அத்தையிடமும் கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள். காபி ஆறினால் பரவாயில்லை, குடித்துவிட்டு எழுந்திருங்கள்.